நான் கட்டிய ரிப்பீட்டரும் பம்ப் ஹவுஸ் தனபாலும்

போன வாரம் கார்த்தி போன் செய்தான். நான் வேலை பார்த்த கம்பி ஆலையில் கருவிகள் பிரிவை இப்போது அவன்தான் பார்த்துக்கொள்கிறான். இடி விழுந்து ரிப்பீட்டர் போய்விட்டதாம், புதியது வர மூன்று வாரம் ஆகுமாம்.

"அண்ணே, நீங்க அப்போ ரெண்டு வண்டி ரேடியோ செட்ட சேத்து ஒண்ணு கட்னீங்களாமே. அதே மாரி கட்டிக்கலாமா? நாலு வரி வாட்ஸ்அப்ல போட்டு உடுங்க, போதும்" என்றான்.

நாலு வரியாம்! போனை வைத்த பிறகு எனக்கு மத்தியானச் சோறு இறங்கவில்லை. என் மனைவி இரண்டு முறை என்ன என்று கேட்டுவிட்டுத் தட்டை எடுத்துப் போய்விட்டாள். நாலு வரியில் அது கட்டுப்படாது என்பதால் உட்கார்ந்து முழுசாக எழுதுகிறேன். கார்த்தி, இதைக் கடைசிவரை படிக்காமல் சால்டரிங் அயர்னைக் கையில் எடுக்காதே.

என்னைத் தெரியாதவர்களுக்காக: பெயர் முனிரத்தினம், வீடு புதுவாயல். ஐ.டி.ஐ. முடித்து, பொன்னேரியில் ஒரு ரேடியோ கடையில் நான்கு வருஷம் திட்டு வாங்கி, பிறகு கும்மிடிப்பூண்டி ஆலையில் சேர்ந்து, ஓய்வு பெறும் வரை அங்கேயே கிடந்தேன். என் படிப்பும் பயிற்சியும் அவ்வளவுதான்.

எங்கள் ஆலை பரந்த இடம். எங்கே பார்த்தாலும் இரும்புக் கொட்டகை. கையில் வைத்துப் பேசும் வாக்கி டாக்கி இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்கு எட்டாது. அதனால் தண்ணீர் டேங்க் கோபுரத்தின் மேல் அறையில் ஒரு ரிப்பீட்டர் இருந்தது. ஒரு அலைவரிசையில் கேட்பதை, அதே நொடியில் இன்னொரு அலைவரிசையில் உரக்கத் திருப்பிச் சொல்வதுதான் அதன் வேலை. நீ பேசுவது அதற்குப் போகும், அது பேசுவது எல்லோருக்கும் போகும். அலைவரிசை இரண்டுக்கும் ஆலை உரிமம் வாங்கியிருந்தது.

அந்த வருஷம் ஐப்பசி மழையில் இடி விழுந்து அது கருகிப்போனது. கதவைத் திறந்தால் தீய்ந்த வாடை. நான் கீழே இறங்கி எஸ்தர் மேடத்திடம் சொன்னேன்.

எஸ்தர் மேடம் தண்ணீர், காற்று, மின்சாரம் எல்லாவற்றுக்கும் மேலாளர். என்னைவிடப் பத்து வயது சின்னவர். அப்பா பொன்னேரிப் பக்கம் கூலிக்கு வயல் வரப்பில் அண்டை வெட்டியவர் என்று அவரே சொல்வார். உட்கார்ந்து பேசி நான் பார்த்ததில்லை. கையில் ஒரு பென்சிலோடு நின்றபடி கேட்பார், நம் முகத்தைப் பார்க்காமல் காலைப் பார்ப்பார். சேஃப்டி ஷூ லேஸ் அவிழ்ந்திருந்தால் முதலில் அதைக் கட்டச் சொல்லிவிட்டுத்தான் விஷயத்துக்கு வருவார். யார் வந்து "முடிஞ்சிடுச்சி மேடம்" என்றாலும் அவரிடம் ஒரே கேள்வி: "எப்படித் தெரியும்?" கூட்டுகிறவருக்கும் அதே கேள்வி, பெரிய எஞ்சினியருக்கும் அதே கேள்வி. ஆரம்பத்தில் எனக்கு எரிச்சலாக வரும். நான் பொய்யா சொல்கிறேன் என்று தோன்றும்.

"மூணு வாரம் ரேடியோ இல்லாம மழையில ஓட்ட முடியாது. ஏதாவது பண்ண முடியுமா?" என்று கேட்டார்.

"வண்டியில மாட்ற செட்டு ரெண்டு குடுங்க மேடம், நானே கட்டிர்றேன்" என்று சொல்லிவிட்டேன். வாய்க் கொழுப்பு எனக்கு எப்போதும் உண்டு.

"ஆம்புலன்ஸ்ல இருக்கிறதத் தொடாதீங்க" என்றார். செக்யூரிட்டி ஜீப்பிலிருந்து ஒன்றும், ஓரம்கட்டி வைத்திருந்த பழைய தண்ணீர் லாரியிலிருந்து ஒன்றும் கழற்றினேன்.

கட்டியதைச் சொல்கிறேன், கார்த்தி, உனக்கு இதுதானே வேண்டும். ஒரு செட் கேட்க மட்டும், இன்னொன்று பேச மட்டும். யாராவது பேசினால் கேட்கும் செட்டின் பின்னால் ஒரு கம்பியில் வோல்டேஜ் மாறும். அதை ஒரு டிரான்சிஸ்டருக்குக் கொடுத்து, அது ஒரு ரிலேயை இழுத்து, அந்த ரிலே பேசும் செட்டின் பொத்தானை அமுக்குகிற மாதிரி செய்தேன். குரலுக்கு நடுவில் ஒரு குட்டி டிரான்ஸ்ஃபார்மர், அளவு குறைக்க ஒரு திருகு. அந்தத் திருகோடுதான் அரை நாள் மல்லுக்கட்டினேன். கொஞ்சம் கூடினால் கரகரவென்று உடையும், குறைந்தால் கிணற்றுக்குள்ளிருந்து பேசுவது போல இருக்கும்.

வண்டி செட் நிமிஷக்கணக்கில் பேசுவதற்காகச் செய்தது, நாளெல்லாம் கத்துவதற்காக அல்ல. பவரைக் குறைத்து வைத்து, பேனல் ஃபேன் ஒன்றை நேராக அதன் முதுகில் அடிக்கவிட்டேன். அப்படியும் கை வைத்தால் சுடும். கோபுர உச்சியில் ஒரு ஆண்டெனா, கீழ்ப்படிக்கட்டுக் கைப்பிடியில் ஒரு ஆண்டெனா. பேசும் செட் கத்துவது பக்கத்திலேயே இருக்கும் கேட்கும் செட்டின் காதில் விழக்கூடாது, அதற்குத்தான் இந்த இடைவெளி. கடைசி கேபிள் இணைப்பைச் சுற்றும்போது மழை பிடித்துக்கொண்டது. தண்ணீர் புகாத டேப் தீர்ந்துவிட்டிருந்தது. சாதாரண கறுப்பு டேப்பை நாலு சுற்று சுற்றிவிட்டு, நாளைக்கு மாற்றிக்கொள்ளலாம் என்று இறங்கினேன். அந்த நாளை வரவேயில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எங்கள் வாக்கி டாக்கி ஒவ்வொன்றும் பேசும்போது நம் காதுக்குக் கேட்காத ஒரு மெல்லிய ரீங்காரத்தைச் சேர்த்து அனுப்பும். டோன் என்போம். அந்த டோன் இருந்தால்தான் கேட்கும் செட் கதவைத் திறக்கும். வேறு இரைச்சல் எது வந்தாலும் கண்டுகொள்ளாது. முறைப்படி நானும் டோனைப் போட்டுத்தான் வைத்தேன்.

எஸ்தர் மேடத்திடம் போய் முடிந்தது என்றேன். கேட்க வேண்டியதைக் கேட்டார். வாங்க என்று கூப்பிட்டு, ஆலை முழுக்க அவரை நடக்கவைத்துப் பேசவைத்தேன். ஃபர்னஸ், ரோலிங் மில், ஸ்கிராப் யார்டு, எல்லா இடத்திலும் மணி மாதிரிக் கேட்டது. அவர் ஒரு தாளில் பென்சிலால் எழுதிக் கொடுத்தார்: இந்தப் பெட்டியில் எதை மாற்றினாலும் முதலில் என்னிடம் சொல்லவும். கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டேன்.

நாங்கள் சோதித்ததெல்லாம் பேச்சை வைத்துத்தான். பம்ப் ஹவுஸில் யாரும் பேச மாட்டார்கள் என்பது இரண்டு பேருக்குமே உறைக்கவில்லை.

பம்ப் ஹவுஸ் ஆலையின் கிழக்கு மூலையில், ஸ்கிராப் யார்டுக்கு அந்தப் பக்கம். முப்பது படி கீழே இறங்கினால் இரண்டு பெரிய பம்புகள். மழைத் தண்ணீரெல்லாம் அந்தக் குழியில் வந்து விழும், பம்பு அதை வெளியே குளத்துக்குத் தள்ளும். இரண்டும் ஓடினால் பக்கத்தில் நிற்பவன் கத்துவதுகூடக் கேட்காது. பொத்தானை அமுக்கிப் பேசினால் பம்பின் இரைச்சல்தான் போகும். அதனால் அங்கே ஒரு வழக்கம். கால் மணிக்கு ஒருமுறை கண்ட்ரோல் ரூமிலிருந்து "பம்ப் ஹவுஸ், ஓகேவா?" என்று கேட்பார்கள். குழிக்குள் இருப்பவன் தோளில் மாட்டிய செட்டைக் காதோடு ஒட்டி அதைக் கேட்டுவிட்டு, பொத்தானை இரண்டு முறை தட்டுவான். டொக், டொக். நன்றாக இருக்கிறேன் என்று அர்த்தம். கண்ட்ரோல் ரூமில் லாக் புத்தகத்தில் டிக் போடுவார்கள். நான் சேர்வதற்கு முன்பிருந்தே இப்படித்தான் நடந்தது. எந்த விதிப் புத்தகத்திலும் இது கிடையாது.

அங்கே பகல் ஷிப்ட் ஆபரேட்டர் தனபால். ஆரம்பாக்கம் பக்கத்து ஆள், தெலுங்கும் தமிழும் கலந்து கட்டி அடிப்பான். என்னைக் கிண்டல் பண்ணாமல் அவனுக்கு நாஷ்டா இறங்காது. ரிப்பீட்டர் வைத்த மறுநாளே என் அறைக்கு வந்து நின்றான்.

"இன்னா நைனா பொட்டி கட்டிக்கிற? நான் அங்க அமுக்கி அமுக்கி வெரலு தேஞ்சி பூட்ச்சி. கண்ட்ரோல் ரூம் மோகன் இன்னாடான்னா சத்தமே வர்லன்னு ஆள அனுப்புறான். ஆறு தபா படி ஏறி எறங்கிக்கிறேன் காலைலேர்ந்து. மூட்டு இன்னாத்துக்கு ஆவும்?"

எனக்கு உடனே புரிந்துவிட்டது. டோனை அடையாளம் கண்டு கதவைத் திறக்கக் கேட்கும் செட்டுக்குக் கால் நொடி வேண்டும். அதற்குள் தனபாலின் டொக் முடிந்துவிடுகிறது.

"அமுக்கிப் புடிச்சி ரெண்டு எண்ணு, அப்புறம் உடு" என்றேன்.

"இருவது வருசமா தட்ற கை. ஒம் பொட்டிக்காவ கைய மாத்திக்க சொல்றியா?"

இரண்டு நாள் பார்த்தேன். எவனும் எண்ணவில்லை. பழக்கம் அப்படி. மோகன் கண்ட்ரோல் ரூமிலிருந்து என்னைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பேஜாராக்கினான். மூன்றாம் நாள் கோபுரம் ஏறி, கேட்கும் செட் டோனைத் தேடாதபடி அதை எடுத்துவிட்டேன். ஐந்து நிமிஷ வேலை. டொக் டொக் கண்ணாடி மாதிரி வந்தது. தனபால் போகிற வழியில் என் முதுகில் ஒன்று வைத்து, "இப்ப பொட்டி!" என்றான். எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

எஸ்தர் மேடத்திடம் சொல்லவில்லை. மறந்துவிட்டது என்று சொன்னால் பொய். எப்படித் தெரியும் என்று கேட்பார், இன்னொரு முறை ஆலையைச் சுற்ற வேண்டியிருக்கும் என்று சோம்பல். சின்ன மாற்றம்தானே என்று என்னை நானே சமாதானம் செய்துகொண்டேன்.

அதன்பிறகு ஆறு நாள் மழை இல்லை. பெட்டி நன்றாக ஓடியது. ஏழாம் நாள் புயல் சின்னம் என்றார்கள். காலையிலிருந்தே கொட்டியது. தனபாலோடு இருக்க வேண்டிய ஹெல்ப்பர் ரயில் ஓடாமல் வரவில்லை, அவன் தனியாகத்தான் இருந்தான். சாயங்காலம் நாலு மணிக்கு ஷெட்டுக்குள் விளக்குப் போட வேண்டியிருந்தது. எனக்குப் பெட்டியைப் பற்றிக் கவலை பிடித்துக்கொண்டது. அறைக்குள் தண்ணீர் ஒழுகுகிறதா, ஃபேன் ஓடுகிறதா என்று பார்க்கக் கோபுரத்தில் ஏறினேன். காற்று படியிலிருந்து ஆளைத் தள்ளியது.

அறை காய்ந்துதான் இருந்தது. அப்பாடா என்று தலையைத் துவட்டினேன். மணி நாலேகால். கால் மணி அழைப்பு வந்தது. மோகன் குரல்: "பம்ப் ஹவுஸ், பம்ப் ஹவுஸ், ஓகேவா?"

கேட்கும் செட்டின் முகப்பில் சிக்னல் பட்டை முழுசாக ஏறி இறங்கியது. பிறகு டொக், டொக். மோகன், "ஓகே, ரைட்டு" என்றான்.

துவட்டிக்கொண்டிருந்த கை நின்றுவிட்டது. டொக் டொக் வந்தபோது பட்டை ஏறவில்லை. தனபால் குழிக்குள்ளிருந்து தட்டினால் மூன்று கோடு ஏறும், நானே பலமுறை பார்த்திருக்கிறேன். இப்போது ஒரு கோடுகூட ஏறவில்லை. ரிலே மட்டும்தான் தட்டியது.

என் செட்டை எடுத்து "டெஸ்ட்" என்று சொல்லிவிட்டுக் கையை எடுத்தேன். டொக், டொக். மறுபடி, "டெஸ்ட்." மறுபடி, டொக், டொக்.

பெட்டியே பதில் சொல்கிறது. பேச்சு முடிந்து பேசும் செட் அணையும்போது ஒரு சின்ன அதிர்வு கிளம்பும். கறுப்பு டேப் சுற்றிய இணைப்பில் தண்ணீர் புகுந்து, அந்த அதிர்வு கேட்கும் செட்டுக்குள் கசிகிறது. டோன் இருந்தால் கதவு திறந்திருக்காது. டோனைத்தான் நான் எடுத்துவிட்டேனே! யாரோ கூப்பிடுகிறார்கள் என்று நினைத்து அது ஒருமுறை, இரண்டுமுறை தட்டிவிட்டு அடங்குகிறது. நாம் கேட்ட கேள்வியே திரும்பி வந்து, நன்றாக இருக்கிறேன் என்கிறது.

"மோகன், பம்ப் ஹவுஸ்ல தனபால் குரல எப்போ கேட்ட?"

"குரலா? அவுரு எங்கண்ணே பேசுவாரு? தட்டுவாரு. இப்பகூட தட்னாரே."

"தட்டல. அது அவன் இல்ல. ஃபயர் ஆளுங்கள இன்டர்காம்ல கூப்டு, மேடத்துக்குச் சொல்லு. இந்த ரேடியோவ நம்பாதே!"

படியில் எப்படி இறங்கினேன் என்று எனக்கு நினைவில்லை. ஸ்கிராப் யார்டு முழுக்க முழங்கால் தண்ணீர். ஓடவும் முடியவில்லை, நடக்கவும் முடியவில்லை. ஒன்றும் இருக்காது, ஒன்றும் இருக்காது என்று வாய் மட்டும் சொல்லிக்கொண்டே வந்தது. பாதி தூரத்தில் காது கொடுத்துக் கேட்டேன். அந்த இடத்தில் எப்போதும் பம்பின் உறுமல் கேட்கும். இப்போது தகரக் கூரையில் மழைதான் கேட்டது.

பம்ப் ஹவுஸுக்குள் போனால் கீழே இருட்டு. "தனபாலு!" என்று கத்தினேன்.

"அண்ணே! எறங்காதே!" என்று குரல் வந்தது. அந்தக் குரலைக் கேட்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. "பம்பு ட்ரிப் ஆயிக்கிது. தண்ணியில கரண்டு கீதா இல்லியான்னு தெரியாது. மொதல்ல மெயின புடுங்கு!"

மேலேயே பேனல். மெயின் ஐசொலேட்டரை இழுத்தேன். கை ஈரம். டெஸ்டரை வைத்துப் பார்த்தேன், மூன்று பேஸிலும் கரண்ட் இல்லை. நம்பிக்கை வராமல் இன்னொரு முறை பார்த்தேன். பிறகு ஃபியூஸ் மூன்றையும் உருவிப் பையில் போட்டுக்கொண்டேன், தெரியாமல் எவனும் வந்து போட்டுவிடக் கூடாது என்று. அந்த ஒன்றரை நிமிஷம் என் உத்தியோகக் காலத்திலேயே நீளமானது. கீழே தண்ணீர் களக் களக்கென்று ஏறும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

டார்ச் அடித்து இறங்கினேன். கைப்பிடிக் கம்பியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு படியில் கிடந்தான். தண்ணீர் மார்பு வரை. வலது கால் முட்டிக்குக் கீழே திரும்பிப் போயிருந்தது. மூன்றரை மணி அழைப்புக்குத் தட்டியது அவன்தான். அதற்குப் பிறகு பம்பு நின்றிருக்கிறது. பார்க்க ஓடியவன் வழுக்கி விழுந்திருக்கிறான். செட் தண்ணீருக்குள் போய்விட்டது. படியில் உட்கார்ந்தவாறே கையை ஊன்றி ஒவ்வொரு படியாக ஏறியிருக்கிறான். ஒரு கட்டத்துக்குமேல் முடியவில்லை.

"முக்கா மணி நேரமா கத்திக்கினு கீறேண்ணே. ஒருத்தனும் வர்ல" என்றான். பல் கிட்டித்து நடுங்கியது.

அவன் அக்குளில் கை கொடுத்து இரண்டு படி ஏற்றினேன். கால் வலியில் அலறினான். அதற்குள் ஃபயர் ஆட்கள் ஸ்ட்ரெச்சரோடு வந்துவிட்டார்கள். பின்னாலேயே குடையில்லாமல் நனைந்தபடி எஸ்தர் மேடம். அவனை ஆம்புலன்ஸில் ஏற்றும்வரை கூடவே நின்றார். ஏற்றிய பிறகு என் பக்கம் திரும்பினார். முதல்முறையாக என் முகத்தைப் பார்த்தார். நான் டோனைப் பற்றிச் சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன்.

"எழுதிக் குடுங்க" என்றார்.

மறுநாள் எழுதிக் கொடுத்தேன். 'கனமழையின் காரணமாக இணைப்பில் நீர் புகுந்து' என்று ஆரம்பித்திருந்தேன். அவர் பென்சிலால் அந்த வரியை அடித்தார். "மழை மேல எழுதாதீங்க சார். மழை வரும்னு தெரிஞ்சுதானே கட்டினோம். நீங்க பண்ணினதை எழுதுங்க, நான் பார்க்காம விட்டதையும் எழுதுங்க" என்றார். திருப்பி எழுதினேன். எனக்கு ஒரு இன்க்ரிமென்ட் போனது. அவருக்கும் மேலிடத்திலிருந்து கடிதம் வந்தது என்று பிறகு கேள்விப்பட்டேன். அவர் என்னிடம் அதைச் சொன்னதில்லை.

புது ரிப்பீட்டர் வரும்வரை அந்தப் பெட்டியும் ஓடத்தான் செய்தது. டோனைத் திரும்பப் போட்டேன், இணைப்பை ஒழுங்காகச் சுற்றினேன். ஆனால் பம்ப் ஹவுஸை ரேடியோவில் விடவில்லை. படி உச்சியில் ஒரு ஆள், கால் மணிக்கு ஒருமுறை கண்ணால் பார்த்து, இன்டர்காமில் பெயரைச் சொல்லித் தகவல் கொடுக்க வேண்டும். கார்த்தி, நீ கட்டிக்கொள். கட்டத் தெரிந்தவன்தான் நீ. ஆனால் உன் ஆட்கள் அந்த ரேடியோவை என்னென்ன விதமாகத் தொடுகிறார்கள் என்று ஒரு முழு ஷிப்ட் அவர்கள் பக்கத்தில் நின்று பார்த்துவிட்டுக் கட்டு. நான் அதைச் செய்யவில்லை.

தனபாலுக்குக் காலில் தகடு வைத்தார்கள். நாலு மாதம் கழித்துக் கொஞ்சம் இழுத்து நடந்தபடி வேலைக்கு வந்தான். வந்த அன்றைக்கே என் அறைக்கு வந்து, "இன்னாண்ணே, இளைச்சிட்ட?" என்று கேட்டுவிட்டு, "வா, மோகன பாத்துட்டு வரலாம்" என்றான்.

கண்ட்ரோல் ரூமில் டீ குடித்தான். மோகனின் கல்யாணத்தைப் பற்றிக் கிண்டல் செய்தான். பிறகு சாதாரணமாக, "அந்த லாக் புக்க எடு தம்பி" என்றான். மோகன் என்னைப் பார்த்தான். நான் தலையாட்டினேன்.

தனபால் எச்சில் தொட்டுப் பக்கம் பக்கமாகத் திருப்பி அந்த நாளுக்கு வந்தான். விரலை வைத்து வரிசையாகக் கீழே இறங்கினான். மூன்றேமுக்கால், டிக். நாலு, டிக். நாலேகால், டிக். மூன்றும் மோகனின் அழகான கையெழுத்தில், ஓகே என்ற வார்த்தையோடு. விரல் அங்கேயே நின்றது. மோகன் சுவரைப் பார்த்து நின்றான்.

"நான் அங்க படியில கத்திக்கினு கெடந்த நேரம் இது" என்றான் தனபால். குரலில் கோபம் இல்லை, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. "அப்ப நான் செத்துப் பூட்ருந்தாக்கூட, நீங்க டிக்கு போட்டுக்கினேதான் இருந்திருப்பீங்க. இல்லண்ணே?"

ஏதாவது சொல்லித் தேற்றலாமா என்று யோசித்தேன்.

"ஆமாண்டா தனபாலு" என்றேன்.